தேடல் முடிவுகளில் இணையதளத்தின் இடத்தை உயர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளம் நடத்துபவர்கள் தேடுபொறித் தரவரிசை பற்றி மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கு, இந்தப் பணியிலேயே நாளைக் கழிப்பவன் என்ற முறையில் இங்கே விடை எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் கூகுளை வைத்தே பேசியிருந்தாலும், பிங் முதலிய பிற தேடுபொறிகளுக்கும் அடிப்படைகள் ஏறத்தாழ இவையே.

எங்கள் தளம் கூகுளில் வரவே இல்லை. முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

எதையும் சரிசெய்வதற்கு முன், 'வரவில்லை' என்றால் என்ன பொருள் என்பதைக் கண்டறிய வேண்டும். ஒரு பக்கம் தேடல் முடிவில் தோன்றுவதற்குள் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. கிராலர் எனப்படும் நிரல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தைப் படிப்பது முதற்கட்டம். படித்ததைப் பகுத்தறிந்து, இண்டெக்ஸ் எனப்படும் பேரட்டவணையில் சேர்ப்பது அடுத்தது. யாரேனும் ஒன்றைத் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமான பக்கங்களை எடுத்து வரிசைப்படுத்துவது கடைசிக் கட்டம். தரவரிசை என்று நாம் சொல்வது இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டுமே.

என்னிடம் வருபவர்களில் பலர், முதல் இரண்டு கட்டங்களில் சிக்கிக்கொண்ட பக்கத்துக்கு மூன்றாம் கட்டத்துக்கான மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கிராலரால் திறக்கவே முடியாத பக்கத்தின் தலைப்பை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் ஒன்றும் நடக்காது. ஆகவே எந்தக் கட்டத்தில் பக்கம் நின்றுபோயிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. இந்தப் பணியில் பாதிக்கு மேல் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை எப்படி அறிவது?

கூகுள் இலவசமாக வழங்கும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உங்கள் தளத்தின் உரிமையாளர் நீங்கள்தான் என்பதை உறுதிசெய்து உள்ளே செல்லுங்கள். பக்கத்தின் முகவரியை மேலே உள்ள ஆய்வுப் பெட்டியில் இட்டால், அது இண்டெக்ஸில் இருக்கிறதா, கடைசியாக எப்போது படிக்கப்பட்டது, ஏதேனும் தடை உள்ளதா என்பதெல்லாம் தெரியும். பக்கங்களின் இண்டெக்ஸ் நிலையைக் காட்டும் அறிக்கையில் இரண்டு காரணங்களைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 'கண்டறியப்பட்டது, ஆனால் இண்டெக்ஸில் சேர்க்கப்படவில்லை' என்று இருந்தால், முகவரி தெரிந்திருந்தும் கிராலர் இன்னும் வந்து படிக்கவில்லை. 'படிக்கப்பட்டது, ஆனால் இண்டெக்ஸில் சேர்க்கப்படவில்லை' என்று இருந்தால், படித்துப் பார்த்த பின்னும் இப்போதைக்குச் சேர்க்கவில்லை. பின்னதற்குப் பெரும்பாலும் பக்கத்தின் உள்ளடக்கத்தில்தான் காரணம் இருக்கும். அதே செய்தியை வேறு பக்கங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருக்கும், அல்லது பக்கத்தில் சொல்லத்தக்க செய்தியே குறைவாக இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கிராலர்களுக்கு எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பும், பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதப்படும் நோஇண்டெக்ஸ் வரியும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. 1994-இல் மார்டைன் கோஸ்டர் முன்மொழிந்த ரோபோட்ஸ் கோப்பு, படிப்பதைத்தான் தடுக்கிறது. இண்டெக்ஸில் சேர்வதைத் தடுப்பதில்லை. பிற தளங்களிலிருந்து இணைப்பு இருந்தால், தடுக்கப்பட்ட பக்கமும் விவரிப்பு ஏதுமின்றி வெறும் முகவரியாகத் தேடல் முடிவில் வரக்கூடும். நோஇண்டெக்ஸ் வரிதான் சேர்வதைத் தடுக்கிறது. ஆனால் அந்த வரியைக் கிராலர் காண வேண்டுமானால் பக்கத்தைப் படித்தாக வேண்டும். இரண்டையும் ஒருசேரப் போட்டால் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணிலேயே படாது.

நான் பொறுப்பேற்றிருந்த தளம் ஒன்று புதிய வடிவமைப்புக்கு மாறிய சில நாட்களில், வருகை நாளுக்கு நாள் தேயத் தொடங்கியது. நாங்கள் தலைப்புகளையும் படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று வாரம் கழித்துத்தான், சோதனைச் சர்வரில் இருந்தபோது வெளியாட்கள் பார்க்காமலிருக்க எழுதிவைத்த நோஇண்டெக்ஸ் வரி, வெளியிட்ட தளத்திலும் அப்படியே இருந்ததைக் கண்டோம். வரியை நீக்கிய பிறகும் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர நெடுநாள் பிடித்தது. அன்றிலிருந்து, எந்தத் தளம் புதிய வடிவில் வெளிவந்தாலும் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து அந்த ஒரு வரியைத் தேடிய பிறகுதான் மற்றவற்றைப் பார்க்கிறேன்.

தளவரைபடக் கோப்பு கட்டாயமா?

தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் காட்டும் இந்தக் கோப்பு கட்டாயமில்லை. சில டஜன் பக்கங்களே உள்ள, அவை ஒன்றோடொன்று நன்றாக இணைக்கப்பட்ட தளத்துக்கு அது பெரிய மாற்றத்தைத் தராது. பெரிய தளத்துக்கும், பிற தளங்களிலிருந்து இணைப்புகள் அதிகம் பெறாத புதிய தளத்துக்கும் பயன்படும். ஒரு கோப்பில் அதிகபட்சம் 50,000 முகவரிகளே இருக்கலாம். அதற்கு மேல் போனால் பிரித்துக்கொள்ள வேண்டும். பிங், யாண்டெக்ஸ் ஆகிய தேடுபொறிகள் 2021-இல் அறிமுகப்படுத்திய இண்டெக்ஸ்நவ் முறையில், பக்கம் மாறியவுடன் நாமே தேடுபொறிக்குத் தெரிவிக்கலாம்.

தேடற்சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? பக்கத்தில் அவற்றை எத்தனை முறை எழுத வேண்டும்?

இரண்டாம் பகுதிக்கு முதலில் விடை சொல்கிறேன்: எண்ணிக்கை எதுவும் கிடையாது. நூறு சொற்களுக்கு இத்தனை முறை என்று சொல்லப்படும் விகிதங்களுக்கு எந்தத் தேடுபொறியும் ஆதாரம் அளித்ததில்லை. அளவுக்கு மீறித் திணித்தால் அது கூகுளின் கொள்கைகளுக்கு மாறான செயலாகிறது. மெட்டா கீவேர்ட்ஸ் என்ற வரியில் சொற்களை அடுக்கும் பழக்கமும் இன்னும் மறையவில்லை. இணையத் தேடலின் தரவரிசைக்கு அந்த வரியைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது.

தேர்ந்தெடுப்பது அதைவிட ஆழமான வேலை. தேடுபவர் தட்டும் சொற்களுக்குப் பின்னால் ஒரு தேவை இருக்கிறது. அந்தத் தேவையைச் சரியாகப் புரிந்துகொண்ட பக்கமே மேலே வருகிறது. மிதிவண்டிச் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். 'மிதிவண்டிச் சங்கிலி' என்று மட்டும் தேடுபவர் வாங்க நினைக்கலாம், படம் பார்க்க நினைக்கலாம், உதிரிபாகத்தின் அளவை அறிய நினைக்கலாம். 'மிதிவண்டிச் சங்கிலி துரு நீக்குவது' என்று தேடுபவர் கையில் துருப்பிடித்த சங்கிலியோடு நிற்கிறார். 'சங்கிலி அடிக்கடி கழன்று விழுகிறது' என்று தட்டுபவருக்குப் பொருளின் பெயரைவிடக் கோளாற்றின் பெயரே தெரிகிறது. இந்த மூவருக்கும் ஒரே பக்கத்தால் நிறைவான விடை தர முடியாது. ஒற்றைச் சொல்லுக்கு முதலிடம் பிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பதைவிட, பின்னிரண்டு போன்ற நீண்ட, திட்டமான தேடல்களுக்குத் தனித்தனியே நல்ல பக்கங்கள் எழுதுவது புதிய தளத்துக்குக் கைகூடும் வழி.

எந்தத் தேவை என்பதை எப்படி அறிவது என்று கேட்டால், நான் சொல்லும் வழி எளியது. அந்தச் சொற்றொடரை நீங்களே தேடிப் பாருங்கள். முதற்பக்கத்தில் வரும் பத்து முடிவுகளையும் திறந்து படியுங்கள். பத்தில் எட்டு செய்முறை விளக்கங்களாக இருந்தால், தேடுபவர்கள் செய்முறையைத்தான் விரும்புகிறார்கள் என்பதைத் தேடுபொறி ஏற்கெனவே கண்டறிந்திருக்கிறது என்று பொருள்; அங்கே விற்பனைப் பக்கத்தைக் கொண்டு நிறுத்துவது வீண் முயற்சி. அந்தப் பத்தும் சொல்லாமல் விட்டது என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அனுபவத்திலிருந்து நீங்கள் சேர்க்கக்கூடியது அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

ஏற்கெனவே சில மாதங்களாக நடக்கும் தளமாக இருந்தால் சர்ச் கன்சோலே சிறந்த ஆசிரியர். எந்தச் சொற்றொடருக்கு எத்தனை முறை உங்கள் பக்கம் தோன்றியது, எத்தனை பேர் சொடுக்கினர், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்பதைக் கடந்த 16 மாதங்களுக்கு அது காட்டுகிறது. எட்டாவது இடத்திலிருந்து இருபதாவது இடம் வரை நின்றுகொண்டு, நிறையத் தோன்றியும் சொடுக்கே பெறாத சொற்றொடர்களை வடிகட்டி எடுங்கள். அந்தப் பக்கங்களைப் பொருத்தமானவை என்று தேடுபொறி ஏற்றுக்கொண்டுவிட்டது. போதுமானவை என்று இன்னும் ஏற்கவில்லை. புதிதாகப் பத்துப் பக்கங்கள் எழுதுவதற்கு முன், இத்தகைய இரண்டு பக்கங்களை எடுத்துச் செப்பனிடுவது விரைவில் பலன் தரும்.

பக்கத்தின் தலைப்பையும் விவரிப்பையும் எப்படி எழுதுவது?

நான் பார்த்த தளங்களில் மிகப் பரவலான குறை, எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு இருப்பதுதான். 'முகப்பு', 'வணக்கம்', நிறுவனத்தின் பெயர் என்ற தலைப்புகள் தேடுபவருக்கு எதையும் சொல்வதில்லை. முன்னர்ச் சொன்ன பக்கத்துக்கு 'சங்கிலிப் பராமரிப்பு' என்று எழுதுவதைவிட, 'மிதிவண்டிச் சங்கிலியில் துரு நீக்குவது: கழற்றாமலே செய்யும் முறை' என்று எழுதினால், என்ன கிடைக்கும் என்பதும் மற்ற பக்கங்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதும் ஒரே வரியில் தெரிந்துவிடும். முக்கியமான சொல் முன்னால் வரட்டும். சிறிய திரைகளில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்பட்டுவிடும்.

நீங்கள் எழுதிய தலைப்பையே கூகுள் காட்டும் என்பதற்கு உறுதியில்லை. பக்கத்தின் உள்ளே இருக்கும் முதன்மைத் தலைப்பையோ பிற தளங்கள் இணைப்புக்குப் பயன்படுத்திய சொற்களையோ எடுத்து அது மாற்றி அமைக்கக்கூடும். தலைப்பும் உள்தலைப்பும் ஒன்றையே சொன்னால் இப்படி மாறுவது குறையும். தேடல் முடிவில் தலைப்பின் கீழே காட்டப்படுவதற்காக எழுதும் மெட்டா விவரிப்பு தரவரிசையை நேரடியாக உயர்த்துவதில்லை. ஆனாலும் அந்த இரண்டு வரியைப் படித்துத்தான் சொடுக்கலாமா வேண்டாமா என்று மனிதர் முடிவுசெய்கிறார். அந்த அளவில் அது உழைப்புக்கு உரியது.

கட்டுரை எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்?

கேள்விக்கு விடை முடியும் வரை. குறிப்பிட்ட சொல்லெண்ணிக்கைக்குத் தரவரிசையில் தனி மதிப்பு எதுவும் இல்லை என்று கூகுள் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறது. விடையை முதல் இரண்டு பத்திகளுக்குள் சொல்லிவிட்டு, காரணங்களையும் விதிவிலக்குகளையும் பின்னால் விளக்குவது படிப்பவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

பிற தளங்களிலிருந்து இணைப்பு பெறுவது இன்னும் முக்கியமா? விலைக்கு வாங்கலாமா?

முக்கியமே. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடித்தளமாக இருந்த பேஜ்ரேங்க், ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்பை அதற்கு ஆதரவான வாக்காகக் கருதியது. வாக்குகளின் எண்ணிக்கையோடு, வாக்களிக்கும் பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதையும் கணக்கில் கொண்டதுதான் அதன் சிறப்பு. இன்று எத்தனையோ காரணிகள் சேர்ந்துவிட்டாலும் இணைப்புகளைப் பகுத்தாயும் முறை தரவரிசை அமைப்பில் தொடர்கிறது.

அந்த வாக்கை விலைக்கு வாங்கும் சந்தையும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. 2012 ஏப்ரலில் கூகுள் வெளியிட்ட பெங்குயின் என்ற தரவரிசை மாற்றம் இத்தகைய செயற்கை இணைப்புகளைக் குறிவைத்தது. பல தளங்கள் அப்போது பெருமளவில் வருகையை இழந்தன. தரவரிசையை உயர்த்தும் நோக்கத்தோடு இணைப்பை வாங்குவதும் விற்பதும் இப்போதும் கொள்கைமீறலே. விளம்பரமாகவோ ஆதரவுக் கட்டணத்துக்காகவோ தரப்படும் இணைப்பு என்றால், 2019-இல் அறிமுகமான ஸ்பான்சர்ட் என்ற குறிப்பையோ 2005 முதல் இருக்கும் நோஃபாலோ என்ற குறிப்பையோ அதில் சேர்க்க வேண்டும். ஆயிரம் இணைப்புகளை ஒரே வாரத்தில் தருகிறோம் என்று வரும் மின்னஞ்சலுக்குப் பதிலே எழுதாதீர்கள். அவர்கள் தருவது யாரும் படிக்காத பக்கங்களின் அடியில் தொங்கும் இணைப்புகள். அவற்றால் ஒரு மனிதர்கூட உங்கள் தளத்துக்கு வரமாட்டார்.

இயல்பான இணைப்பு எப்படிக் கிடைக்கும்? பிறர் மேற்கோள் காட்ட வேண்டிய ஒன்று உங்களிடம் இருந்தால் கிடைக்கும். நீங்களே அளந்து தொகுத்த அட்டவணை, வேறெங்கும் இல்லாத படவிளக்கம், சிக்கலான கணக்கை எளிதாக்கும் சிறு கருவி போன்றவற்றுக்கு மற்றவர்கள் தாங்களாகவே இணைப்பு தருகிறார்கள். அதோடு, அதைப் பயன்படுத்தக்கூடியவர்களுக்கு நீங்கள் தெரிவிக்கவும் வேண்டும். நல்ல பக்கத்தை எழுதிவிட்டு வாய்மூடி இருப்பதும் தவறுதான்.

பலரும் தங்கள் கையில் இருக்கும் இணைப்பை மறந்துவிடுகிறார்கள். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குத் தரும் உள்ளிணைப்பைச் சொல்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு பெறாத பக்கத்தைக் கிராலர் கண்டுபிடிப்பதே அரிது. 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதி இணைப்பதைவிட 'சங்கிலிக்கு எண்ணெய் இடும் முறை' என்ற சொற்களில் இணைத்தால், அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்பது படிப்பவருக்கும் தேடுபொறிக்கும் சேர்ந்தே விளங்கும்.

பக்கம் திறக்கும் வேகம் எவ்வளவு முக்கியம்?

வேகமான வெற்றுப் பக்கம் மெதுவான நல்ல பக்கத்தை முந்திவிடாது. ஏறத்தாழ ஒரே தரமுள்ள பக்கங்களுக்கிடையே வேகம் தீர்மானிக்கக்கூடும். கூகுள் இதற்கு மூன்று அளவுகளை வைத்திருக்கிறது. திரையில் தெரியும் மிகப் பெரிய கூறு 2.5 வினாடிக்குள் வந்துவிட வேண்டும். பயனர் தொட்டதற்கோ சொடுக்கியதற்கோ பக்கம் 200 மில்லிவினாடிக்குள் எதிர்வினை காட்ட வேண்டும். படிக்கும்போது எழுத்துகள் இடம்பெயர்ந்து குதிப்பதை அளக்கும் எண் 0.1-க்கு மிகாமல் இருக்க வேண்டும். இவை உண்மையான பயனர்களின் வருகைகளில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்காவது நிறைவேற வேண்டும். எதிர்வினை அளவு 2024 மார்ச்சில் பழைய அளவு ஒன்றுக்கு மாற்றாக வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட கையேடுகளில் பழைய அளவே இருக்கும்.

பெரும்பாலான தளங்களில் முதல் குற்றவாளி படம்தான். கேமராவிலிருந்து எடுத்த நாலாயிரம் பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்றி, நானூறு பிக்சல் அகலப் பெட்டியில் காட்டினால், பயனர் அந்த நாலாயிரத்தையும் தரவிறக்கியாக வேண்டும். காட்டும் அளவுக்குச் சுருக்கி, வெப்பி (WebP) போன்ற, கோப்பின் அளவைக் குறைக்கும் பட வடிவத்தில் சேமியுங்கள். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் நிரலிலேயே குறித்துவிட்டால், படம் வந்து சேரும்போது கீழே உள்ள பத்தி துள்ளி இறங்காது. பக்கத்தின் உச்சியில் தெரியும் முதன்மைப் படத்துக்குத் தாமத ஏற்றம் (பயனர் உருட்டி அருகே வந்த பிறகே படத்தை ஏற்றும் முறை) வைத்துவிடாதீர்கள். வேகத்துக்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டு எல்லாப் படங்களுக்கும் அதை வைப்பது, முதல் அளவையே கெடுத்துவிடுகிறது.

கைபேசிக்கு ஒரு வடிவம், கணினிக்கு ஒரு வடிவம் என்று இருந்தால் எது கணக்கில் வரும்?

கைபேசி வடிவம். கைபேசியில் தெரிவதை முதன்மையாகக் கொண்டே இண்டெக்ஸ் செய்யும் மாற்றத்தை 2016-இல் அறிவித்த கூகுள், 2023 அக்டோபரில் அது நிறைவெய்தியதாகத் தெரிவித்தது. கணினி வடிவத்தில் மட்டும் இருக்கும் பத்திகளும் இணைப்புகளும் தரவரிசைக்கு இல்லாதவை போலத்தான். ஒரே நிரல் திரைக்கேற்ப நெகிழும் வடிவமைப்பு இருந்தால் இந்தக் கவலையே எழாது.

எச்டிடிபிஎஸ் தேவையா?

தேவை. தளத்துக்கும் பயனருக்கும் இடையே செல்லும் தகவலை மறைகுறியாக்கும் இந்த முறையை 2014 ஆகஸ்ட்டில் கூகுள் சிறிய அளவிலான தரவரிசைக் குறிப்பாக ஏற்றது. அதைவிட, 'பாதுகாப்பற்றது' என்று உலாவி எச்சரிக்கும் தளத்தில் யார் தங்கி இருப்பார்கள்?

ஒரே உள்ளடக்கம் இரண்டு முகவரிகளில் இருந்தால் தண்டனை உண்டா?

பெரும்பாலும் இல்லை. இது தேவையில்லாமல் பலரின் தூக்கத்தைக் கெடுக்கும் அச்சம். வரிசைப்படுத்தும் வசதி, வடிகட்டி, அச்சுப் பதிப்பு முதலியவற்றால் ஒரே பக்கம் பல முகவரிகளில் திறப்பது இயல்பு. தேடுபொறி அவற்றுள் ஒன்றை முதன்மையாகத் தேர்ந்துகொள்கிறது. அது தேர்ந்தெடுப்பது நீங்கள் விரும்பிய முகவரியாக இல்லாமல் போகலாம், இணைப்புகளின் வலிமை சிதறலாம் என்பதுதான் சிக்கல். 2009-இல் கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட கனானிக்கல் வரியின் மூலம் எது முதன்மை என்று நீங்கள் சொல்லலாம். அது வலுவான பரிந்துரையே, கட்டளை அன்று. பிறர் எழுதியதைத் திரட்டித் தன் பெயரில் வெளியிடுவது முற்றிலும் வேறு. அதற்குக் கொள்கைநடவடிக்கை உண்டு.

தளத்தின் முகவரிகளை மாற்றப் போகிறோம். தரவரிசையை இழக்காமல் இருப்பது எப்படி?

ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதற்கு நிகரான புதிய முகவரி எது என்று முதலில் ஓர் அட்டவணை தயாரியுங்கள். பிறகு, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் தானாகவே அனுப்பும், 301 எனப்படும் நிரந்தரத் திருப்பத்தைச் சர்வரில் அமையுங்கள். எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புக்கே திருப்பிவிடுவது குறுக்குவழி போலத் தோன்றும். நிகரான பக்கம் இல்லாத அந்தத் திருப்பத்தைக் கூகுள், பக்கம் காணாமற்போனதாகவே கருதும். பழைய முகவரி இரண்டாவதற்கும், அது மூன்றாவதற்கும் திருப்பும் சங்கிலியாக இல்லாமல், நேராக இறுதி முகவரிக்கே திருப்புங்கள். உள்ளிணைப்புகளையும் தளவரைபடத்தையும் புதிய முகவரிகளுக்கு மாற்றுங்கள். திருப்பங்களைக் குறைந்தது ஓர் ஆண்டாவது விட்டுவைக்க வேண்டும்; முடிந்தால் எடுக்கவே வேண்டாம், ஏனெனில் பிற தளங்களில் இருக்கும் பழைய இணைப்புகள் ஓராண்டில் மறைந்துவிடப் போவதில்லை. இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சில வாரங்கள் ஏற்ற இறக்கம் இருக்கும். அப்போது பதறிப்போய் எதையும் திரும்ப மாற்றாதீர்கள்.

தமிழில் எழுதும் பக்கங்களுக்குத் தனியாக ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும் என்பதே முதன்மை. பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சிட்டவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கிராலருக்கு அவை பொருளற்ற ரோமன் எழுத்துக்கூட்டமே. அப்படிப்பட்ட பழைய கட்டுரைகள் உங்களிடம் இருந்தால், மாற்றி வெளியிடுவதைப் போன்ற பயனுள்ள வேலை வேறில்லை. படத்துக்குள் எழுதிய தமிழும் எழுத்தாகப் பக்கத்தில் இருக்கட்டும்.

முகவரியில் தமிழ் எழுதலாம். தேடுபொறிகள் அதைப் படிக்கின்றன. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது ரோமன் எழுத்து, எண், குறிகளாக விரிந்து, சிறிய முகவரிகூட அரைப் பக்கம் நீளும். அதனால் முகவரியை ஓரிரு சொற்களில் முடித்துக்கொள்வது நல்லது. சொற்களில் வேற்றுமை உருபு ஏறும்போது 'சங்கிலி' என்பது 'சங்கிலியை', 'சங்கிலியின்' என்று மாறிவிடுவதால், தலைப்பில் ஓரிடத்திலாவது சொல் அதன் இயல்பு வடிவிலேயே இருக்குமாறு நான் பார்த்துக்கொள்கிறேன். மக்கள் வழங்கும் சொல்லும் தூய வழக்கும் வேறாக இருந்தால், இரண்டையும் பக்கத்தில் இயல்பாக எழுதுங்கள். 'மிதிவண்டி' என்று எழுதுபவரைவிட 'சைக்கிள்' என்று தேடுபவர் அதிகமாக இருக்கலாம்.

ஒரே பக்கம் பல மொழிகளில் இருந்தால், எது எந்த மொழிப் பதிப்பு என்பதை எச்ரெஃப்லாங் என்ற குறிப்பால் தெரிவிக்கலாம். தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால், ஆங்கிலப் பக்கமும் திரும்பித் தமிழ்ப் பக்கத்தைச் சுட்ட வேண்டும். ஒருபக்கச் சுட்டல் கணக்கில் கொள்ளப்படாது.

கட்டமைத்த தரவைச் சேர்த்தால் தரவரிசை உயருமா?

நேரடியாக உயராது. 2011-இல் கூகுள், பிங், யாகூ ஆகியவை இணைந்து தொடங்கிய ஸ்கீமா சொற்றொகுதியைக் கொண்டு, இது தயாரிப்பு, இது நிகழ்ச்சி, இது கட்டுரை என்று பக்கத்தில் குறித்தால், தேடல் முடிவில் கூடுதல் விவரத்தோடு தோன்றும் தகுதி கிடைக்கிறது. தகுதி மட்டுமே, கட்டாயம் தோன்றும் என்பதில்லை. கேள்வி-பதில் பக்கங்களுக்குத் தேடல் முடிவிலேயே விரிந்து தெரிந்த வசதியை 2023 ஆகஸ்ட்டில் கூகுள், அரசு, நலவாழ்வு ஆகிய துறைகளின் நம்பகமான தளங்களோடு சுருக்கிக்கொண்டது. அந்த வசதிக்காகவே கேள்விகளை உருவாக்கிச் சேர்த்த பக்கங்கள் பல அதனால் பயனிழந்தன.

திடீரென்று தரவரிசை வீழ்ந்துவிட்டது. என்ன செய்வது?

முதல் நாளே எதையும் மாற்றாதீர்கள். சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கை (கூகுள் ஊழியர்கள் தாங்களே பார்த்து, கொள்கைமீறலுக்காக எடுப்பது) பற்றிய அறிவிப்பு ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் அங்கேயே எழுதப்பட்டிருக்கும், சரிசெய்த பின் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால், வீழ்ச்சியின் வடிவத்தைப் பாருங்கள். ஒரே நாளில் செங்குத்தாக விழுந்து, தோன்றும் எண்ணிக்கையும் சேர்ந்தே அழிந்திருந்தால் நோஇண்டெக்ஸ், சர்வர் பிழை, ரோபோட்ஸ் தடை போன்ற தொழில்நுட்பக் காரணமே பெரும்பாலும் இருக்கும். இடம் மாறாமல் சொடுக்கு மட்டும் குறைந்திருந்தால், முடிவுப் பக்கத்தில் உங்களுக்கு மேலே வேறொன்று வந்து அமர்ந்திருக்கும். 2024 மே மாதம் முதல் பரவலாகத் தோன்றும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமாகவும் இருக்கலாம். தோன்றும் எண்ணிக்கை குறைந்து இடம் அப்படியே இருந்தால், அந்தப் பொருளைத் தேடுபவர்களே குறைந்திருக்கிறார்கள். சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கூகுள் ஆண்டுக்குச் சில முறை அறிவித்துச் செய்யும் மையத் தரவரிசை மாற்றத்தின் நாட்களோடு வீழ்ச்சி பொருந்தினால், அது தண்டனை அல்ல. பிற பக்கங்களும் உங்கள் பக்கமும் புதிதாக மதிப்பிடப்பட்டிருக்கின்றன. மாற்றம் முழுமையாகப் பரவி முடிந்து ஒரு வாரம் கழித்து, எந்தப் பக்கங்கள், எந்தச் சொற்றொடர்களில் விழுந்தன என்று பிரித்துப் பாருங்கள். இப்போது அவற்றில் மேலே நிற்கும் பக்கங்களைத் திறந்து, உங்கள் பக்கத்தில் இல்லாத எது அங்கே இருக்கிறது என்று நேர்மையாக ஒப்பிடுங்கள். இரண்டாவது இடத்திலிருந்து நாலாவது இடத்துக்கு இறங்கியதற்காகப் பக்கத்தையே கலைத்து எழுத வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய பக்கங்கள் தரவரிசை பெறுமா?

எப்படி எழுதப்பட்டது என்பதைவிடப் படிப்பவருக்குப் பயன்படுகிறதா என்பதையே பார்ப்பதாக 2023 பிப்ரவரியில் கூகுள் சொன்னது. 2024 மார்ச்சில், தரவரிசைக்காக மட்டும் ஏராளமான பக்கங்களைப் பெருக்கி வெளியிடுவதை, அவற்றை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், கொள்கைமீறலாக வகுத்தது. தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்க்கக் கூகுள் அமர்த்தும் மதிப்பீட்டாளர்களுக்கான கையேட்டில் 2022 டிசம்பரில் 'நேரடி அனுபவம்' என்ற அளவுகோல் சேர்க்கப்பட்டதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த சங்கிலியைக் கையில் எடுத்துச் சுத்தம் செய்தவர் எழுதும் பக்கத்தில், எந்த இடத்தில் தூரிகை நுழையவில்லை, எண்ணெய் எவ்வளவு நேரம் ஊறிய பின் பிடி தளர்ந்தது என்பது இருக்கும். அவர் எடுத்த படம் இருக்கும். கருவியை வரைவுக்கும் திருத்தத்துக்கும் பயன்படுத்துங்கள். சொல்வதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லாத பொருளில் பக்கம் உருவாக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்?

இண்டெக்ஸ் தடையை நீக்குவது போன்ற தொழில்நுட்பத் திருத்தம் சில நாட்களிலிருந்து சில வாரங்களில் தெரியும். உள்ளடக்கத்தை மேம்படுத்தியதன் பலனுக்கு நான்கு மாதத்திலிருந்து ஓர் ஆண்டு வரை பொறுக்க வேண்டும் என்று கூகுள் தரப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. என் அனுபவமும் அதுவே. மாற்றம் செய்த தேதியையும் செய்த மாற்றத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஒரே வாரத்தில் பத்து மாற்றங்களைச் செய்துவிட்டால், எது உயர்த்தியது, எது தாழ்த்தியது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

முதலிடத்துக்கு உத்தரவாதம் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. நம்பலாமா?

வேண்டாம். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. கூகுளில் விளம்பரம் செய்தால் இயல்பான முடிவுகளில் உயர்வு கிடைக்கும் என்பதும் உண்மையன்று, இரண்டும் தனித்தனி. ஒருவரை அமர்த்துவதாக இருந்தால், என்ன மாற்றப் போகிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். எங்கிருந்து இணைப்பு பெறுவார் என்றும் கேளுங்கள். தெளிவாக விளக்குபவரை அமர்த்துங்கள். சர்ச் கன்சோலின் உரிமையாளர் கணக்கு எப்போதும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பணி முடிந்து அவர் விலகும்போது 16 மாதத் தரவும் அவரோடு போய்விடக் கூடாது.

போட்டியாளர் ஒருவர் எங்கள் தளத்துக்குக் குப்பை இணைப்புகளை உண்டாக்கியிருக்கிறார். இணைப்புகளை நிராகரிக்கும் கருவியைப் பயன்படுத்த வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை, அத்தகைய இணைப்புகளைத் தேடுபொறி தானாகவே புறக்கணித்துவிடுகிறது. 2012-இல் வந்த அந்தக் கருவி, செயற்கை இணைப்புகளுக்காகக் கைமுறை நடவடிக்கை வந்திருந்தாலோ, முன்பு நீங்களே இணைப்பு வாங்கியிருந்து அப்படி நடவடிக்கை வரும் என்று அஞ்ச இடமிருந்தாலோ பயன்படுத்துவதற்கானது. அப்போதும் முதலில் அந்தத் தளங்களுக்கு எழுதி இணைப்பை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தவற்றை மட்டும் பட்டியலில் சேருங்கள்; நல்ல இணைப்பு ஒன்று தவறிப் பட்டியலில் நுழைந்தால் அதன் பலனையும் நீங்களே கைவிட்டதாகிவிடும் என்பதால், பதிவேற்றும் முன் ஒவ்வொரு வரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.